காமன் கூத்து ரெக்கோர்ட் பண்ண சவுண்ட் மிக்சர்ல எந்த ஓட்டையில வயரைக் குத்துறது?

#1 மஸ்கெலியா_பையன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. மாசி வருது, நம்ம தோட்டத்து டிவிஷன்ல இந்த வருஷமும் காமன் கூத்து (சிவன் மன்மதன எரிக்கிற கதை) இருக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற பிரட்டுக்களத்துல தான். வீடியோவுக்கு கெமரா பையன்க இருக்காங்க, சத்தம் ரெக்கோர்ட் பண்ற வேலைய எங்க தலையில கட்டிட்டாங்க. கையில இருக்குறது கோயிலோட பன்னிரண்டு சேனல் அனலொக் மிக்சர். மைக் குத்துற இடம் தெரியும், மெயின் அவுட் தெரியும், மிச்சத்துல கை வைக்கவே பயமா இருக்கு. இருக்குறத சொல்றேன்: ஆக்ஸ் 1 (பக்கத்துல ப்ரீ, போஸ்ட்னு சின்ன பட்டன்), ஆக்ஸ் 2 (அதுதான் எஃபெக்ட்டுக்கும்னு போட்டிருக்கு), குரூப் 1-2னு தனியா ஒரு அவுட், டேப் அவுட் சிவப்பும் வெள்ளையும், மைக் சேனல் மேல இன்சர்ட்னு ஒரு ஓட்டை, அப்புறம் யூஎஸ்பி.

போன வருஷம் சவுண்ட் செட் கொண்டு வந்தவரு மெயின்ல இருந்து ஒரு வயர் எடுத்து போன்ல குத்தி பதிஞ்சாரு. கேட்டா பாட்டு படிக்கிறவரு குரல் மட்டும் காதுக்குள்ள வந்து கத்துது, தப்பு (பறை) எங்கயோ அடுத்த மலையில அடிக்கிற மாதிரி. நேர்ல நின்னா நெஞ்சு அதிருற தப்பு அது. ரதியும் மன்மதனும் ஆடுறதே அந்த அடிக்கு தானே. இந்த முறை ஒழுங்கா பண்ணணும், என்ன செய்யலாம்?

#2 ராகலை_டீஜே

இதுக்கு ஏன் மச்சான் இவ்வளவு யோசனை, டேப் அவுட்ல ஆர்சிஏ வயரக் குத்து, லெப்டொப்ல லைன் இன் குத்து, ரெக்கோர்ட் அமுக்கு, முடிஞ்சு போச்சு. நாங்க கல்யாண வீட்டுல எல்லாம் அப்படித்தான்.

#3 ஹட்டன்_சவுண்ட்

ராகலை தம்பி சொல்றது டீஜேக்கு சரி, கூத்துக்கு சரிவராது. உங்களுக்கு சத்தம் முழுக்க மிக்சருக்குள்ள தான் பொறக்குது, பாட்டும் மைக்கும் எல்லாமே உள்ள இருக்கு, அதனால எந்த அவுட்ல எடுத்தாலும் முழுசா வரும். கூத்துல அப்படி இல்ல.

மஸ்கெலியா தம்பி, தப்பு ஏன் வரலைனு கேட்டீங்களே, காரணம் சுலபம். தப்புக்கு யாரும் மைக் வைக்க மாட்டாங்க, வைக்கவும் தேவையில்ல, அது பாட்டுக்கு களம் முழுக்க கேக்கும். அந்த அடிய மீறி குரல் கேக்கணும்னு தான் குரலுக்கு மட்டும் மைக் வச்சு பொக்ஸ்ல (ஸ்பீக்கர்ல) தள்ளுறாங்க. அப்போ மெயின் அவுட்டுக்குள்ள என்ன இருக்கும்? குரல் மட்டும் தான். தப்பு அந்த குரல் மைக்ல ஒட்டி வந்தது கொஞ்சம், அவ்வளவு தான். போன வருஷம் செட்காரர் மேல குத்தம் சொல்லாதீங்க, களத்துல நின்ன சனத்துக்கு அவரு மிக்ஸ் சரியாத்தான் இருந்திருக்கும். மெயின் மிக்ஸ் வேற, ரெக்கோர்டிங் மிக்ஸ் வேற, ரெண்டையும் ஒரே வயர்ல எடுக்க முடியாது.

டேப் அவுட்டும் மெயினோட நகல் தான், லெவல் மட்டும் குறைவு. சிக்னல் அளவுல சொன்னா மெயின் +4 டிபியூ கணக்கு, டேப் அவுட்டோட ஆர்சிஏ பக்கம் −10 டிபிவி கணக்கு, ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 12 டிபி வித்தியாசம். வீட்டு சாமானுக்கு ஒத்துப் போகும்னு தான் அப்படி. நிறைய மிக்சர்ல மெயின் ஃபேடர (சத்தத்த கூட்டிக் குறைக்கிற தள்ளு குமிழ) ஏத்தி இறக்கினா டேப் அவுட்டும் சேர்ந்தே ஏறி இறங்கும், சனம் கத்துதுனு நீங்க பொக்ஸ ஏத்தினா பதிவும் எகிறும்.

#4 நானுஓயா_அக்கா

நாங்க சர்ச் குவாயர பதியும்போது ஆக்ஸ் 1 தான் எடுக்குறது, ப்ரீயில போட்டு. ப்ரீனா சேனல் ஃபேடருக்கு முன்னாலயே சத்தத்த எடுத்துடும், ஃபேடர நீங்க எவ்வளவு ஆட்டினாலும் ரெக்கோர்டிங் அசையாது. ஒவ்வொரு சேனல்லயும் ஆக்ஸ் 1 குமிழ வேற வேற அளவுல வச்சா அதுவே தனி மிக்ஸ். தம்பி, தப்புக்கு ரெண்டு மைக் வைங்க, அந்த சேனலோட ஃபேடர முழுசா கீழ இறக்கி விடுங்க, ஆக்ஸ் 1ஐ மட்டும் ஏத்துங்க. பொக்ஸ்ல தப்பு வராது, ரெக்கோர்டர்ல வரும். சின்ன மிக்சர் வச்சிருக்குறவங்களுக்கு இதவிட லேசான வழி இல்ல.

#5 ஹட்டன்_சவுண்ட்

அக்கா சொல்றது வேலை செய்யும், ஆனா ப்ரீயில ஒரு தொல்லை இருக்கு. கூத்துல மைக் கை மாறிக்கிட்டே இருக்கும். ஒருத்தர் வசனம் பேசி முடிச்சதும் நம்ம ஃபேடர இறக்கிடுவோம், பொக்ஸ்ல சத்தம் இல்ல. ஆனா ப்ரீ ஆக்ஸ்ல அந்த மைக் திறந்தபடியே கிடக்கும், அவரு ஓரமா உக்காந்து வெத்தில போட்டுக்கிட்டு பேசுற கதையெல்லாம் பதிவுல தெளிவா வரும் 😄 குவாயர்ல எல்லாரும் ஒரே இடத்துல நிப்பாங்க, அங்க ப்ரீ அருமை. கூத்துக்கு குரல் ஃபேடரோட சேர்ந்து வரணும், தப்பு மட்டும் தனியா வரணும்.

#6 நானுஓயா_அக்கா

அதுக்கு மியூட் பட்டன் இருக்கே அண்ணே. நிறைய மிக்சர்ல மியூட் அமுக்கினா ப்ரீ ஆக்ஸும் சேர்ந்து அடைஞ்சிடும்.

#7 ஹட்டன்_சவுண்ட்

எல்லா மிக்சர்லயும் இல்ல, அதுதான் சிக்கல். சிலதுல மியூட்டுங்குறது ஃபேடருக்கு அப்புறம் தான் வெட்டும். குத்தி அமுக்கிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அப்புறம் இன்னொண்ணு, பாட்டு படிக்கிறவரு மொனிட்டர் கேப்பாரா மாட்டாரா? கேட்டா ஆக்ஸ் 1 அதுக்கு போயிரும், பதிய ஆக்ஸ் இருக்காது.

#8 மஸ்கெலியா_பையன்

கேப்பாருங்க 😅 ஒரு பொக்ஸ் தன் பக்கம் திருப்பி வைக்கலைனா படிக்கவே மாட்டேன்னு போன வருஷமே சண்டை.

#9 ஹட்டன்_சவுண்ட்

அப்போ முடிவாயிருச்சு, மொனிட்டருக்கு ஆக்ஸ் 1 ப்ரீயில, ரெக்கோர்டிங்குக்கு குரூப் 1-2. நல்லா கேளுங்க, இதுதான் உங்க மிக்சர்ல இருக்குற பெரிய சொத்து, யாரும் தொடாம தூசி பிடிச்சு கிடக்கும்.

ஒவ்வொரு சேனல் ஃபேடர் பக்கத்துலயும் ரெண்டு பட்டன் பாருங்க, ஒண்ணு எஸ்டி (இல்லனா எல்-ஆர்), ஒண்ணு 1-2. எஸ்டி அமுக்கினா சத்தம் மெயினுக்கு போகும், 1-2 அமுக்கினா குரூப்புக்கு போகும், ரெண்டையும் அமுக்கினா ரெண்டுக்கும் போகும். குரல் மைக் எல்லாத்துலயும் ரெண்டையும் அமுக்குங்க. தப்பு மைக் ரெண்டுலயும் 1-2 மட்டும், எஸ்டிய அமுக்கவே கூடாது. அடுத்து குரூப் ஃபேடர் பக்கத்துல "டு எஸ்டி"னோ "மெயின்"னோ ஒரு பட்டன் இருக்கும், அது மேல எழும்பி இருக்கணும், அமுங்கி இருந்தா குரூப்ல இருக்குற தப்பு திரும்ப மெயினுக்கு போய் பொக்ஸ்ல வந்துரும். குரூப் அவுட் ரெண்டையும் ரெக்கோர்டரோட லைன் இன்ல குத்துங்க. தப்பு மைக் ஒண்ண பேன்ல இடது பக்கம், மத்தத வலது பக்கம், குரல் நடுவுல. ஸ்டீரியோவா வரும்.

இப்போ பாருங்க, தப்பு சேனல் ஃபேடர் பொக்ஸுக்கு போகாததால அது முழுக்க ரெக்கோர்டிங்குக்கான ஃபேடர். ஹெட்போன போட்டுக்கிட்டு குரலுக்கு எவ்வளவு தப்பு வேணும்னு அதுலயே வச்சுக்கலாம். மெயின் ஃபேடர ஏத்தினா இறக்கினா பதிவுக்கு ஒண்ணும் ஆகாது, பதிவு லெவல் குரூப் ஃபேடர்ல.

#10 ராகலை_டீஜே

அட இது நல்லா இருக்கே. எங்கிட்ட குரூப் இல்லாத குட்டி மேக்கி மிக்சர் ஒண்ணு இருக்கு, அதுல மியூட் பட்டன்லயே ஆல்ட் 3-4னு எழுதியிருக்கு, அதுவும் இதுதானா அண்ணே?

#11 ஹட்டன்_சவுண்ட்

அதேதான் தம்பி. அதுல மியூட் அமுக்கினா சத்தம் அடையுறது இல்ல, மெயின விட்டுட்டு 3-4 அவுட்டுக்கு மாறிப் போகுது. மேக்கி 1202, 1402 ரெண்டு மொடல்லயும் அப்படித்தான். ஒரே சேனல் ரெண்டு பக்கமும் ஒண்ணா போகாது, அது ஒரு குறை. தப்பு மைக்க மட்டும் 3-4க்கு தள்ளி தனி ட்ரெக்கா பதியலாம், குரல வேற ட்ரெக்ல எடுக்கலாம்.

#12 மஸ்கெலியா_பையன்

குரூப் புரிஞ்சுதுங்க, இப்பவே மிக்சர வீட்டுக்கு தூக்கிட்டு வந்து பட்டனெல்லாம் பார்த்துட்டேன், டு எஸ்டி அமுங்கித்தான் இருந்துச்சு. அடுத்த சந்தேகம். யூஎஸ்பிய லெப்டொப்ல குத்தினா மெயின் மட்டும் தான் வருது, குரூப் வரல, பழுதா? அப்புறம் பாட்டு படிக்கிறவருக்கு எக்கோ வேணும், எங்கிட்ட பழைய எக்கோ மெஷினும் இருக்கு, மிக்சருக்குள்ளயும் எஃபெக்ட் இருக்கு. மெஷின இன்சர்ட்ல குத்துறதா?

#13 பண்டாரவளை_கீபோர்ட்

யூஎஸ்பி பழுது இல்ல. நிறைய அனலொக் மிக்சர்ல யூஎஸ்பிங்குறது ரெண்டே ட்ரெக், மெயின்ல இருக்குறது தான் போகும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ அப்படித்தான், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ்னு பெட்டியில பெருசா போட்டிருப்பாங்க, ஆனா போறது ஸ்டீரியோ ரெண்டு. சேனல் சேனலா தனியா வேணும்னா அதுக்குனு செஞ்ச மிக்சர் வேணும், சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே 14 ட்ரெக் லெப்டொப்புக்கு அனுப்பும், பெரிங்கர் எக்ஸ்ஆர்18 18 அனுப்பும். உங்களுக்கு இப்போ அது வேண்டாம், ஹட்டன் அண்ணன் சொன்ன குரூப் போதும்.

எக்கோ விஷயம். இன்சர்ட்ல குத்தாதீங்க. இன்சர்ட்ல குத்துறது முழு சத்தமும் உள்ள போய் மாறி வெளிய வர வேண்டிய சாமான், கொம்ப்ரசர், கேட், ஈக்யூ மாதிரி. எக்கோவும் ரிவேர்பும் அப்படி இல்ல, நேர் குரல் அப்படியே இருக்கணும், அதுக்கு மேல கொஞ்சம் சேரணும். அதனால ஆக்ஸ் 2 அவுட்ல இருந்து மெஷின் இன்னுக்கு, மெஷின் அவுட்ல இருந்து மிக்சர்ல சும்மா கிடக்குற ஒரு சேனலுக்கு. மெஷின்ல மிக்ஸ்னு குமிழ் இருந்தா முழுக்க எஃபெக்ட் பக்கம் திருப்பிடுங்க, நேர் குரல் ஏற்கனவே சேனல்ல வருதே. ஆக்ஸ் 2 போஸ்ட்ல இருக்கணும், அப்போதான் குரல் ஃபேடர இறக்கினா எக்கோவும் சேர்ந்து இறங்கும். ப்ரீயில இருந்தா குரல் போயிரும், எக்கோ மட்டும் ஆவி மாதிரி மிதக்கும்.

கவனமா இருக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, எக்கோ திரும்பி வர்ற சேனல்ல ஆக்ஸ் 2 குமிழ் பூஜ்ஜியத்துல இருக்கணும். அத ஏத்தினா எக்கோ திரும்ப எக்கோவுக்குள்ள போய் ஊளை கிளம்பிரும், பொக்ஸுக்கும் ஆபத்து.

மத்தபடி திறந்த வெளியில சுவர் இல்ல, கூரை இல்ல, குரல் வறண்டு கேக்கும், அதனால பாட்டுக்கு எக்கோ நல்லாத்தான் இருக்கும். தப்பு வேகத்துக்கு எக்கோ திரும்பி வர்ற டைம வச்சா இன்னும் நல்லா இருக்கும், நிமிஷத்துக்கு 120 அடினா 60000ஐ 120ஆல வகுங்க, 500 மில்லிசெக்கன். ஆனா வசனத்துக்கு எக்கோவ நிறுத்திடுங்க தயவு செஞ்சு. சிவன் கோவத்துல பேசுற ஒவ்வொரு சொல்லும் மூணு தரம் கேட்டா சனத்துக்கு ஒண்ணும் விளங்காது. கால் சுவிட்ச் குத்துற இடம் இருந்தா அதுல நிறுத்தலாம், இல்லனா எக்கோ சேனல் மியூட்.

#14 மஸ்கெலியா_பையன்

அப்போ இன்சர்ட்ட நாங்க தொடவே வேண்டாமா?

#15 ஹட்டன்_சவுண்ட்

வேணும்னா ஒரு வேலைக்கு தொடலாம். முக்கிய பாட்டுக்காரர் குரல தனியா, எக்கோ இல்லாம, ஈக்யூ இல்லாம ஒரு ட்ரெக்ல பிடிச்சு வச்சா பின்னால வீடியோவுக்கு மிக்ஸ் பண்ணும்போது கைகொடுக்கும். இன்சர்ட் ஓட்டையில வழக்கமா நுனி வழியா சத்தம் வெளிய போகும், நடு வளையம் வழியா உள்ள வரும். சும்மா மோனோ ஜாக்க முழுசா குத்தினா சத்தம் வெளிய போயிட்டு திரும்பாது, பொக்ஸ்ல அந்த குரல் செத்துரும். மேக்கி மாதிரி சிலதுல ஜாக்க முதல் "டக்" வரைக்கும் மட்டும் குத்தினா வெட்டாம வெளியயும் எடுக்கலாம், ஆனா கூத்து நடுவுல யாராவது வயர்ல கால் வச்சா கழண்டு போகும். அதவிட மூணு பிரிவு உள்ள டிஆர்எஸ் ஜாக் ஒண்ணு வாங்கி நுனியையும் வளையத்தையும் உள்ளுக்குள்ள சேர்த்து சோல்டர் பண்ணி, அதுல இருந்து ரெக்கோர்டருக்கு வயர் இழுங்க. முழுசா குத்தலாம், பொக்ஸ்லயும் குரல் வரும், பதிவுலயும் வரும். குத்தும்போது மெயின இறக்கிட்டு குத்துங்க.

#16 தலவாக்கலை_வயர்மேன்

நான் சத்தக்காரன் இல்ல, கரண்ட்காரன், ஆனா இந்த இழைய படிச்சுட்டு சும்மா இருக்க முடியல. லெப்டொப்ப மிக்சர்ல குத்தினதும் "ம்ம்ம்ம்"னு ஒரு இரைச்சல் வரும் பாருங்க, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த 50லயும் அதோட மடங்கு 100லயும் தான் அது இரையும். மிக்சர் ஒரு பிளக்ல, லெப்டொப் சார்ஜர் தூரத்து பிளக்ல, ரெண்டு வழியா எர்த் சுத்தி வந்தா அப்படி ஆகும். உடனே நம்ம ஆளுக செய்யுறது பதிமூணு அம்பியர் பிளக்ல எர்த் காலைக் கழட்டி விடுறது. தயவு செஞ்சு அத செய்யாதீங்க. ஈரத்தரையில வெறுங்காலோட நிக்குறவரு கையில இரும்பு மைக், எர்த் இல்ல, ஜெனரேட்டர்ல ஏதாவது ஒண்ணு ஒழுகினா அந்த மைக் வழியா தான் போகும்.

மிக்சர், ரெக்கோர்டர், எக்கோ மெஷின் மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல போடுங்க. லெப்டொப் பெட்டரில ஓடட்டும், சார்ஜர கழட்டுங்க. அப்பவும் இரைஞ்சா நடுவுல ட்ரான்ஸ்ஃபோமர் உள்ள டிஐ பொக்ஸோ ஐசலேட்டரோ போடுங்க, சத்தம் அது வழியா போகும், சிக்னல் வயர் வழியா சுத்துற எர்த் மட்டும் அறுந்துரும், பிளக்ல உள்ள எர்த் பாதுகாப்பு அப்படியே இருக்கும்.

போன்ல குத்துறதப் பத்தியும் சொல்லணும். போனோட அந்த ஒத்த ஓட்டையில உள்ள போற வழி மைக் லெவலுக்கு செஞ்சது, மிக்சர்ல இருந்து லைன் லெவல் போனா கரகரனு உடையும். போன வருஷ பதிவுல கத்தல் வந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். போன் தான் வேணும்னா நடுவுல லெவல் குறைக்கிற வயர் போடுங்க, இல்லனா போனோட யூஎஸ்பி ஓட்டையில ஓடிஜி வயர் வழியா ஒரு குட்டி ஓடியோ இன்டர்பேஸ்.

#17 ராகலை_டீஜே

நான் இன்னும் சொல்றேன், இவ்வளவு வயர் இழுக்குறதுக்கு பதிலா ஒரு கையடக்க ரெக்கோர்டர களத்து ஓரத்துல ஸ்டாண்ட்ல வச்சா தப்பும் வரும் குரலும் வரும் சனமும் வரும், உண்மையான சத்தம் அதுதான்.

#18 நானுஓயா_அக்கா

வரும் தம்பி, கூடவே வடைக்கடை பேரமும் பிள்ளை அழுகையும் வரும் 😂 ஆனா ஒரு காரியம், அத வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ரெண்டாவது பதிவா இருக்கட்டும். மிக்சர்ல ஏதாவது பிசகினா அது காப்பாத்தும்.

#19 ஹட்டன்_சவுண்ட்

அக்கா சொன்னது சரி. ராகலை தம்பியோட ரெக்கோர்டர் தூரத்துல இருந்தா ஒண்ணு கவனிக்கணும், சத்தம் காத்துல செக்கனுக்கு 340 மீற்றர் அளவுல தான் ஓடும், பத்து மீற்றர் தள்ளி வச்சா 30 மில்லிசெக்கன் கிட்ட பிந்தி வரும். ரெண்டு பதிவையும் அப்படியே சேர்த்தா தப்பு ரெட்டையா கேக்கும். ஓடாசிட்டி மாதிரி சத்தம் எடிட் பண்ற சொஃப்ட்வேர்ல தூரத்து பதிவ முன்னால தள்ளி, ரெண்டு பதிவுலயும் தப்போட முதல் அடிய ஒண்ணா வச்சா சரியாயிரும். அதுக்கு கூத்து தொடங்க முன்னால மைக் முன்னாடி ஒருத்தர பலமா ஒரு கை தட்டச் சொல்லுங்க, அந்த கூர்ப்பு ரெண்டு பதிவுலயும் தெரியும்.

தப்பு மைக் பத்தி. கண்டன்சர் மைக் வேண்டாம், பனி இறங்கினா படபடனு சத்தம் போடும். டைனமிக் மைக் போதும், எஸ்எம்58 மாதிரி ஏதாவது, கோயில்லயே இருக்கும், ஸ்பொஞ்ச் தொப்பி போட்டு வைங்க காத்துக்கு. தப்புக்கு நெருக்கமா வைக்காதீங்க, ஒரு ஒண்ணரை ரெண்டு மீற்றர் தள்ளி, அடிக்கிறவங்க அரைவட்டத்துல நிக்குறாங்கனா ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு. அவங்க தப்பு காய்ச்சுற நெருப்பு எந்தப் பக்கம்னு முதல்லயே கேட்டு வைங்க. வைக்கோல கொளுத்தி தோல காட்டிக்கிட்டே இருப்பாங்க, மைக் பக்கத்துல இருந்தா அந்த சடசடப்பும் பேச்சும் தான் வரும். காய்ச்சி எடுத்த கையோட தப்பு கணீர்னு உச்சில நிக்கும், அரை மணித்தியாலத்துல பனி பட்டு தோல் தொய்ஞ்சு சத்தம் இறங்கும். அதனால லெவல் வைக்கும்போது காய்ச்சின உடனே அடிக்கச் சொல்லி வைங்க. சேனல் பிஎஃப்எல் (அந்த சேனல மட்டும் மீட்டர்ல காட்டுற பட்டன்) அமுக்கி, மைக் கெய்ன் குமிழ திருப்பி மீட்டர் பூஜ்ஜியம் கிட்ட நிக்கணும், ரெக்கோர்டர்ல உச்சம் −12 டிபி தாண்டாம இருக்கட்டும். சத்தம் குறைவா இருந்தா பின்னால ஏத்தலாம், உடைஞ்சத ஒட்ட முடியாது.

#20 பண்டாரவளை_கீபோர்ட்

ஃபைல் அளவையும் பாருங்க. 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் ஸ்டீரியோ வேவ் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி சொச்சம். ராத்திரி முழுக்கனா கார்ட்ல பத்து ஜிபியாவது சும்மா இருக்கணும். கார்ட் ஃபெட்32 முறையில ஃபோமெட் பண்ணதுனா ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது, சில ரெக்கோர்டர் தானாவே வெட்டி அடுத்த ஃபைல் தொடங்கும், சிலது நின்னுரும். நீங்களே இடைவேளை வரும்போது நிறுத்தி புதுசா தொடங்குங்க.

#21 மஸ்கெலியா_பையன்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இப்படி போடப் போறேன், எங்கயாவது இடிக்குதானு பாருங்க: குரல் மைக் நாலு, சேனல் 1ல இருந்து 4, எஸ்டியும் 1-2ம் அமுக்கி. தப்பு மைக் 5, 6, 1-2 மட்டும், இடது வலது. ஆக்ஸ் 1 ப்ரீ, பாட்டுக்காரர் மொனிட்டருக்கு. ஆக்ஸ் 2 போஸ்ட், எக்கோ மெஷினுக்கு, திரும்பி வர்றது சேனல் 7, அதுல எஸ்டி மட்டும் அமுக்குவேன், அப்போ பதிவுல எக்கோ இருக்காது, வேணும்னா பின்னால போட்டுக்கலாம். குரூப் அவுட் ரெக்கோர்டருக்கு. யூஎஸ்பில மெயின் லெப்டொப்புக்கு சும்மா ஒரு காப்புக்கு, பெட்டரில. எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன். மிக்சருக்கு மேல தார்ப்பாய் கட்டுவோம்.

#22 ஹட்டன்_சவுண்ட்

இடிக்கல. ரெண்டே விஷயம். லெப்டொப்ல ரெக்கோர்ட் பண்ற சொஃப்ட்வேர்ல மொனிட்டரிங் ஓஃப்ல இருக்கணும், இல்லனா மெயின் லெப்டொப்புக்கு போய் யூஎஸ்பி வழியா திரும்ப மெயினுக்கு வந்து சுத்த ஆரம்பிச்சிரும், யூஎஸ்பி திரும்பி வர்ற சேனல் ஃபேடரையும் இறக்கி வைங்க. ரெண்டாவது, தொடக்கத்துல காமன் ஊன்றுற அன்னைக்கே இதெல்லாம் கட்டி பத்து நிமிஷம் பதிஞ்சு கேளுங்க, மன்மதன எரிக்கிற தகனத்து ராத்திரி தான் முதல் தரம் குத்துறதுனு இருக்க வேண்டாம்.

#23 மஸ்கெலியா_பையன்

சரிங்கண்ணே. அந்த நுனியும் வளையமும் சேர்த்த டிஆர்எஸ் வயர் ஹட்டன் டவுன்ல ரெடிமேட்டா கிடைக்குமா?

#24 தலவாக்கலை_வயர்மேன்

ரெடிமேட் தேடி அலையாதீங்க தம்பி, ஜாக்கும் ரெண்டு மீற்றர் ஷீல்ட் வயரும் வாங்கிட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல தான் இருப்பேன், சோல்டர் பண்ணித் தர்றேன். ரெக்கோர்டர் பக்கம் என்ன ஜாக் வேணும்னு மட்டும் பார்த்துட்டு வாங்க, குட்டியா பெருசானு.